குயிக் கப்ளிங் வடிவமைப்பது எப்படி? அச்சுக் குளிர்நீர்க் குழாய்க்கான அரை அங்குல இணைப்பை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றும்போது என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சிலிண்டர் கொண்டு வருபவர் மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் எட்டிப் பார்க்கிறார். அங்கே ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்க வேண்டும். பிறகு ரெகுலேட்டரின் கருப்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் வைத்து அமுக்கி, வளையத்தை விட்டதும் 'டக்' என்று உட்காருகிறது. இவ்வளவுக்கும் நடுவில் கேஸ் வெளியே வருவதில்லை. குமிழைத் திருப்பிய பிறகுதான் உள்ளே இருக்கும் ஊசி அமுங்கி வால்வு திறக்கிறது. ஸ்பானர் வேண்டாம், டெஃப்லான் டேப் வேண்டாம்.

முதலில் சீல், அடுத்து பூட்டு, கடைசியில் திறப்பு. இப்படிக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே மாட்டிக் கழற்றும் குழாய் இணைப்புதான் குயிக் கப்ளிங். அதன் வடிவமைப்பு என்பது இந்த வரிசையை மில்லிமீட்டரில் எழுதுவதுதான். மாட்டிய பிறகு கசியாமல் இருப்பது பெரிய சவால் இல்லை, அதை எந்த நல்ல ஓ-ரிங்கும் (சீலுக்கான ரப்பர் வளையம்) செய்துவிடும். மாட்டும்போதும் கழற்றும்போதும் வரும் அந்த அரை நொடியில்தான் ஒரு டிசைன் தேறுகிறது, அல்லது தோற்கிறது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரத்தில் அச்சைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குழாய்க்கான அரை அங்குல கப்ளிங். ஒரு அச்சை மாற்ற எட்டுப் பத்து ஹோஸ்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கிளிப் போட்டு முறுக்கினால் அதற்கே நேரம் போய்விடும். வடியும் தண்ணீர் அச்சின் மேல் விழுந்து துருவும் பிடிக்கும்.

படி 1: தேவையை எண்களில் எழுதுங்கள்

டிராயிங் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியவை: என்ன திரவம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளில் எத்தனை முறை கழற்றி மாட்டுவார்கள், அழுத்தம் இருக்கும்போதே மாட்டுவார்களா, யார் கையால்.

நம் கப்ளிங்குக்கு: தண்ணீர், 10 பார், 90 டிகிரி செல்சியஸ் வரை, நிமிடத்துக்கு 15 லிட்டர். சோதனை அழுத்தம் அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 15 பார். வெடிப்பு அழுத்தம் நான்கு மடங்கு, 40 பார். உள் துளை 9 மி.மீ. என்று வைத்தால் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.9 மீட்டர். அந்த வேகத்தால் மட்டும் வரும் அழுத்தம் (டைனமிக் பிரஷர்) 0.077 பார். நேர் துளையாக இருந்தால் ஏறக்குறைய இந்த அளவுதான் இழப்பு. நடுவில் வால்வு வைத்தால் அது பல மடங்காகும்.

'யார் கையால்' என்ற கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். இரவு ஷிஃப்டில், எண்ணெய் படிந்த கையோடு, இயந்திரத்தின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நுழைத்து மாட்டப் போகிறவர் அவர். சரியாக உட்கார்ந்ததா என்பதைக் காதாலும் விரலாலும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 2: வால்வு வேண்டுமா, எத்தனை?

கப்ளிங்கில் உள்ளே நுழையும் பாகம் பிளக், அதை ஏற்கும் பாகம் சாக்கெட். நம் டிசைனில் சாக்கெட் ஹோஸ் பக்கம், பிளக் அச்சுப் பக்கம். வால்வைப் பொறுத்து மூன்று வகை உண்டு. இரு பக்கமும் திறந்த நேர் துளை. சாக்கெட் பக்கம் மட்டும் வால்வு. இரு பக்கமும் வால்வு. நேர் துளையில் ஓட்டம் சிறப்பாக இருக்கும், ஆனால் லைனை மூடிவிட்டுத்தான் கழற்ற முடியும். அச்சுக் குளிர்நீருக்குப் பலர் இதையே போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சாக்கெட்டில் மட்டும் வால்வு வைப்பது நல்ல நடுவழி என்பது என் கருத்து. ஹோஸில் இருக்கும் தண்ணீர் நின்றுவிடும், அச்சுக்குள் இருக்கும் கொஞ்சம் மட்டும் வடியும். நம் டிசைனும் இதுதான்.

இரு பக்கமும் வால்வு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டு வால்வும் ஒன்றையொன்று தள்ளித்தான் திறக்கின்றன. ஒரு ஸ்பிரிங் மெலிந்திருந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் திறக்கும், மறுபக்கம் பாதிதான் திறக்கும். ஓட்டம் அதிகமானால் தண்ணீரே அந்தப் பாதி வால்வைத் தள்ளி மூடியும் விடலாம். ஆகவே ஒவ்வொரு வால்வும் இதற்கு மேல் பின்வாங்க முடியாது என்று ஒரு கெட்டியான நிறுத்தம் கட்டாயம் வேண்டும்.

ஒரு துளிகூடச் சிந்தக் கூடாத இடங்களுக்குத் தட்டை முக வகை இருக்கிறது. அதில் இரு வால்வின் முகமும் சமதளமாக ஒட்டிக்கொள்வதால், கழற்றும்போது படலம் போன்ற ஈரம் மட்டுமே மிஞ்சும். ஹைட்ராலிக்கில் அதற்கு ஐஎஸ்ஓ 16028 தரம் உண்டு.

படி 3: சொந்த அளவா, தர அளவா?

1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் எனப் பல ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. வந்த பல ஹோஸ்களின் இணைப்பு பால்டிமோரின் ஹைட்ரண்டுகளில் (தெருவோரத் தீயணைப்பு நீர்க் குழாய்களில்) பொருந்தவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. எனக்குத் தெரிந்து இணைப்பு அளவுகளைப் பற்றி இதைவிடக் கனமான பாடம் வேறில்லை.

உங்கள் பிளக் மற்றவர் சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்றால் தர அளவுக்குப் போங்கள். ஹைட்ராலிக்குக்கு ஐஎஸ்ஓ 7241-இன் ஏ, பி வரிசைகள்; காற்றுக்கு ஐஎஸ்ஓ 6150; டிராக்டருக்கு ஐஎஸ்ஓ 5675. இதற்கு நேர்மாறான தேவையும் உண்டு. மருத்துவமனையில் நோயாளிக்கு உணவு செலுத்தும் குழாயும் ரத்த நாளத்தில் ஏறும் மருந்துக் குழாயும் தவறியும் சேரக் கூடாது. அதற்காகவே ஐஎஸ்ஓ 80369 வரிசை எழுதப்பட்டது. எது எதோடு சேரக் கூடாது என்பதையும் படி 1-இன் தாளில் எழுதுங்கள்.

கீழே வரும் அளவுகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்தத் தரத்தின் அளவும் அல்ல. ஹோஸ் பக்கத் திரெட் மட்டும் வழக்கமான அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய்த் திரெட்): வெளி விட்டம் 20.955 மி.மீ., அங்குலத்துக்கு 14 புரி.

படி 4: சீல்

பிளக்கின் முன்பகுதியை 'மூக்கு' என்போம். அதன் விட்டம் 14.2 மி.மீ. ஓ-ரிங் சாக்கெட்டுக்குள் வெட்டிய காடியில் (வளையப் பள்ளத்தில்) இருக்கும், மூக்கு அதற்குள் நுழையும். ஓ-ரிங்கைப் பிளக்கின் மேல் மாட்டினால் தரையில் உரசி, மண் ஒட்டி, சீக்கிரம் போய்விடும்.

ஏஎஸ்568 என்ற ஓ-ரிங் அளவு வரிசையில் 113-ஆம் எண் ஓ-ரிங் உள் விட்டம் 13.94, தடிமன் 2.62 மி.மீ. காடியின் அடி விட்டம் 18.7 என்றால் ஆழம் 2.25 ஆகும். ரிங் நசுங்குவது 14 சதவீதம். நகரும் சீலுக்கு இது நல்ல அளவு. 10-க்குக் கீழே போனால் குறைந்த அழுத்தத்தில் கசியும், 20-க்கு மேலே போனால் மாட்டுவதற்கே பலம் வேண்டும். காடியின் அகலம் 3.6 மி.மீ. ரிங்கின் குறுக்குப் பரப்பு 5.39 ச.மி.மீ., காடியின் பரப்பு 8.1 ச.மி.மீ., எனவே மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பும். மிச்ச இடம் வீண் இல்லை. ரப்பர் வெப்பத்தில் விரியும், திரவத்தில் கொஞ்சம் ஊதும். அதற்கு இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் பிதுங்கி நறுக்கப்படும்.

மூக்கின் முனையில் 15 முதல் 20 டிகிரிக்குள் ஒரு சாய்வு கொடுத்து, சாய்வு முடிகிற இடத்தையும் உருட்டிவிடுங்கள். அந்த விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும் அது ஓ-ரிங்கைச் சீவிவிடும். 10 பாருக்கு வேறு துணை தேவையில்லை. 100 பாரைத் தாண்டினால் ஓ-ரிங்குக்குப் பின்னால், அது பிதுங்காமல் தாங்கும் டெஃப்லான் பேக்-அப் ரிங் வையுங்கள்.

ரப்பர் எது? எண்ணெய்க்கும் காற்றுக்கும் நைட்ரைல், வெந்நீருக்கு ஈபிடிஎம், பெட்ரோல் போன்றவற்றுக்கும் அதிக வெப்பத்துக்கும் வைட்டான். நம் 90 டிகிரி தண்ணீருக்கு ஈபிடிஎம். ஆனால் ஈபிடிஎம்முக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது. ஒருமுறை எங்கள் அசெம்பிளி மேசையில் தீர்ந்துபோன சிலிகான் கிரீஸுக்குப் பதில் சாதாரண கிரீஸைத் தடவிவிட்டார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால் ரிங் ஊதிக் காடியை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, பிளக் உள்ளே போக மறுக்கிறது. அந்த லாட்டை முழுக்கப் பிரித்து ரிங் மாற்றினோம். அதிலிருந்து எந்த கிரீஸ் என்பதை டிராயிங்கிலேயே எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

படி 5: பூட்டும் பந்துகள்

சாக்கெட்டின் சுவரில் வட்டமாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டீல் பந்து, வெளியே முன்னும் பின்னும் நகரும் உறையான ஸ்லீவ். ஸ்லீவ் மூடியிருந்தால் பந்து உள்ளே துருத்திக்கொண்டு பிளக்கின் பள்ளத்தில் உட்காரும். ஸ்லீவைப் பின்னால் இழுத்தால் அதன் உட்பக்கப் பள்ளம் பந்துக்கு நேராக வரும், பந்து வெளியே ஒதுங்கும்.

முதலில் விசை. மூக்கின் சீல் பரப்பு 158 ச.மி.மீ. 10 பாரில் பிளக்கை வெளியே தள்ளும் விசை 158 நியூட்டன், ஏறத்தாழ 16 கிலோ. 40 பாரில் 633 நியூட்டன். ஆறு பந்துகள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 106. பள்ளத்தின் தோள், அதாவது அதன் சரிந்த பக்கம், 45 டிகிரி என்பதால் பந்து அதன் மேல் செங்குத்தாக அழுத்துவது 149 நியூட்டன்.

இனி பந்தின் இருப்பிடம். பலரும் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் மெதுவாகப் போவோம். பந்து 4 மி.மீ. பிளக்கின் பூட்டுப் பகுதி 17.0 விட்டம், சாக்கெட் துளை 17.2, சாக்கெட் சுவர் 2.8 மி.மீ. ஸ்லீவ் சுவரை ஒட்டி மூடும்போது பந்து உள்ளே 1.2 மி.மீ. துருத்தும். பிளக்கைச் சுற்றி 0.1, ஸ்லீவுக்கும் சுவருக்கும் நடுவே 0.05 இடைவெளி போனால் பிளக்கின் மேற்பரப்புக்குக் கீழே பந்து இறங்குவது 1.05. அப்போது பந்தின் மையம் பிளக்கின் மேற்பரப்புக்கு 0.95 மி.மீ. மேலே நிற்கும். 45 டிகிரித் தோளைப் பந்து தொடும் இடம் மையத்துக்கு 1.41 மி.மீ. கீழே, அதாவது விளிம்புக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் உள்ளே. சரி, நல்ல பிடிப்பு.

இப்போது 'உறுதியாக இருக்கட்டும்' என்று சுவரை 3.2 ஆக்கினால்? பந்து 0.65 மட்டுமே இறங்கும். தொடும் இடம் விளிம்பிலிருந்து 0.06 மி.மீ. பார்வைக்கு எல்லாம் பூட்டியதுபோல இருக்கும், 'டக்' சத்தமும் வரும். ஆனால் பந்து விளிம்பைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறது. விளிம்பு மழுங்க மழுங்க ஒருநாள் நழுவும். சுவரைத் தடிப்பாக்கினால் பூட்டு பலவீனமாகும் என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும், ஒரு தாளில் பத்து மடங்கு பெரிதாக வரைந்து பார்த்தால் தெளிவாகிவிடும்.

பந்துத் துளையை வெளியிலிருந்து துளைக்கும்போது முழு விட்டத்தோடு ஊடுருவ விடக் கூடாது. உள் முனையில் சின்ன உதடு மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் பிளக் இல்லாதபோது பந்துகள் உள்ளே கொட்டிவிடும். ஸ்லீவின் உள் பள்ளம் 1.2-ஐவிட 0.2 அதிக ஆழம் இருக்கட்டும். பிளக்கின் பள்ளம் 1.3 ஆழம்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? மூக்கு 14.2, பூட்டுப் பகுதி 17. இரண்டையும் ஒரே விட்டமாக வைத்தால் மாட்டும் ஒவ்வொரு முறையும் பந்துகள் சீல் பரப்பின் மேல் உராய்ந்து நீளக் கோடு போடும். அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் வரும்.

படி 6: நகர்வின் வரிசை

பிளக் முழுக்க உட்கார்ந்த நிலையைப் பூஜ்யம் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி அளவு எழுதுங்கள். நம் கணக்கு இப்படி:

பூஜ்யத்துக்கு 7 மி.மீ. முன்னால் மூக்கின் சாய்வு ஓ-ரிங்கைத் தொடுகிறது.
5 மி.மீ. முன்னால் மூக்கு முழு விட்டத்தோடு ஓ-ரிங்குக்குள் வந்துவிட்டது, சீல் ஆயிற்று.
3 மி.மீ. முன்னால் மூக்கு வால்வைத் தொட்டுத் திறக்கத் தொடங்குகிறது.
0.3 மி.மீ. முன்னால் பந்துகள் பள்ளத்தில் விழுகின்றன.

சீலுக்கும் திறப்புக்கும் நடுவில் 2 மி.மீ. இருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஐந்து அளவுகள் சேர்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 0.1 டாலரன்ஸ் (அளவு பிசக விடும் எல்லை) என்றால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் 1.5 மிஞ்சும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக ஓடும்: வால்வு முழுக்க மூடிய பிறகு 2 மி.மீ. வந்தால்தான் சீல் விடும். கழற்றும்போது முகத்தில் பீய்ச்சும் கப்ளிங்குகளில் நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் இல்லாமல் போயிருந்தது.

வால்வு எவ்வளவு திறக்க வேண்டும்? அமரும் வட்டத்தின் விட்டத்தில் கால் பங்கு திறந்தால், சுற்றி வரும் வழியின் பரப்பு அந்த வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடும். நம் வால்வு 11 மி.மீ., கால் பங்கு 2.75. அதனால்தான் 3 வைத்தோம். ஆனால் அழுத்தம் வந்ததும் பிளக் அந்த 0.3 தளர்வைப் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவது 2.7. கால் பங்குக்கு ஒரு மயிரிழை குறைவு, அதை ஏற்றுக்கொள்ளலாம். கூட்ட வேண்டுமென்றால் மேலே உள்ள மற்ற அளவுகளையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கேஸ் ரெகுலேட்டரில் பூட்டிய பிறகு திறக்கத் தனிக் குமிழ் இருக்கிறது. இங்கே ஒரே தள்ளலில் திறப்பும் நடக்க வேண்டியிருப்பதால், பூட்டுவதற்கு முன்பே வால்வு திறந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் 16 கிலோ விசை கையைத் திருப்பித் தள்ளும். 10 பாரில் ஒரு கை சமாளிக்கும். இதையே 200 பார் ஹைட்ராலிக்குக்கு எடுத்துப் பாருங்கள். 11 மி.மீ. வால்வைத் திறக்க மட்டுமே ஏறத்தாழ 190 கிலோ வேண்டும். டிராக்டரிலிருந்து கழற்றிய டிரெய்லர் ஹோஸ் வெயிலில் கிடந்து உள்ளே எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறிவிட்டால், திரும்ப மாட்ட முடியாமல் வால்வைச் சுத்தியலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வால்வையும் கெடுக்கும், தோலைத் துளைக்கும் வேகத்தில் எண்ணெயையும் பீய்ச்சும். அப்படிப்பட்ட இடத்துக்கு அழுத்தத்தை முதலில் வடிக்கும் சின்ன வால்வை டிசைனிலேயே சேர்க்க வேண்டும்.

படி 7: ஸ்பிரிங்கும் ஸ்லீவும்

வால்வு ஸ்பிரிங்: 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, சராசரி விட்டம் 8, வேலை செய்யும் சுற்று 6. மில்லிமீட்டருக்கு 1.15 நியூட்டன் வரும். 4 மி.மீ. முன் அமுக்கத்தில் 4.6 நியூட்டன், அதாவது அரை பார் அழுத்தத்துக்குச் சமம். லைனில் அழுத்தமே இல்லாதபோதும் ஹோஸில் நிற்கும் தண்ணீரைப் பிடித்து நிறுத்த இது போதும்.

ஸ்லீவ் ஸ்பிரிங்கை 20 நியூட்டன் அருகில் வையுங்கள். மிக மெலிந்தால் அதிர்வில் பின்வாங்கும். தடித்தால் ஈரக் கை வழுக்கும். பிடிக்காக ஸ்லீவின் மேல் பதிக்கும் வரிகள் (நர்லிங்) நேர்கோடாக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் பிடி நன்றாக வரும். ஹோஸ் தரையில் இழுபடும் இடமானால், ஸ்லீவின் விளிம்பு எதிலாவது மாட்டித் தானாகக் கழன்றுவிடும். அதற்கு ஸ்லீவைவிடச் சற்றுப் பெரிய காப்பு வளையம் ஒன்றை உடம்பிலேயே கடைந்துவிடலாம், அல்லது ஸ்லீவைத் திருப்பினால் பூட்டும் சின்னப் பின் வைக்கலாம்.

படி 8: பொருள்

சாக்கெட் உடம்புக்கு ஐஎஸ் 319 பித்தளைக் கம்பி. லேத்தில் வெண்ணெய் போல வெட்டும். அதில் ஈயம் உண்டு, ஆகவே குடிநீருக்கு இதை எடுக்காதீர்கள். பந்துக்குக் கடினமாக்கிய 420 ஸ்டெயின்லெஸ். சாதாரண பேரிங் பந்து தண்ணீரில் துருப்பிடித்துத் துளையிலேயே இறுகிவிடும். பிளக் பித்தளையானால் அழுத்தம் ஏறி இறங்கும் லைனில் பந்துகள் தோளில் குழி பதிக்கும். நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும் லைனுக்குப் பிளக்கை ஸ்டெயின்லெஸில் செய்வது நல்லது. உடம்பும் ஸ்லீவும் இரண்டும் ஒரே ரக ஸ்டெயின்லெஸ் ஆனால் உராய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ஒன்றை மாற்றுங்கள்.

படி 9: கடைசல்

மூக்கின் சீல் பரப்பின் சொரசொரப்பு (ஆர்ஏ) 0.4 மைக்ரான், காடியின் அடி 1.6 வரை போகலாம். ஆனால் எண் மட்டும் போதாது. லேத் டூல் விட்ட சுருள் கோடு மெல்லிய திரெட் போலத் தண்ணீரை வெளியே நடத்திக்கொண்டு வரும். மீட்டரில் 0.4 காட்டும், ஆனாலும் மணிக்கு ஒரு துளி வடியும். மூக்கை பர்னிஷிங் ரோலரால் ஒருமுறை அழுத்திவிட்டால் கோடு படுத்துவிடும். பந்துத் துளைகளின் உட்பக்கப் பிசிறை ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 10: சோதனை

முதலில் தாழ்ந்த அழுத்தம். அரை பார் காற்றைக் கொடுத்துத் தண்ணீரில் மூழ்க வைத்துக் குமிழி பாருங்கள். ஓ-ரிங்கை அழுத்தம்தான் சுவரோடு ஒட்ட வைக்கிறது, ஆகவே 10 பாரில் கசியாதது அரை பாரில் கசியலாம். அடுத்து 15 பார் தண்ணீர், அதன் பிறகு 40 பார் வெடிப்புச் சோதனை. வெடிப்புச் சோதனையைக் காற்றில் ஒருபோதும் செய்யாதீர்கள். அமுங்கிய காற்றில் சேர்ந்திருக்கும் சக்தி உலோகத்தைத் துண்டுகளாக எறியும். தண்ணீர் அப்படி அமுங்காது, உடைந்த கணமே அழுத்தம் விழுந்துவிடும். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு ஹோஸை மாட்டி, தண்ணீர் நிரப்பி, பக்கவாட்டில் தொங்கவிட்டு ஒரு இரவு விடுங்கள். நேராகப் பிடித்துச் சோதித்தபோது கசியாத கப்ளிங், ஹோஸின் எடை மூக்கை ஒரு பக்கம் சாய்த்ததும் கசிவது மிகச் சாதாரணம். அப்படியானால் மூக்கைத் தாங்கும் துளையின் நீளத்தைக் கூட்டுங்கள், ஓ-ரிங்கை மாற்றிப் பயனில்லை. கழற்றி மாட்டும் சோதனைக்கு ஐயாயிரம் முறை என்று நான் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் அரை பார் குமிழிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சோதனை முறைகளைப் படிக்க ஐஎஸ்ஓ 18869 இருக்கிறது.

எல்லாம் தேறியதும் அச்சு மாற்றும் தொழிலாளி ஒருவரிடம் பத்து ஜோடியைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறது, ஸ்லீவை எந்த விரலால் இழுக்கிறார், 'டக்' கேட்ட பிறகும் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறாரா என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு மறுபடி படி 6-க்குப் போங்கள்.